யார் கையொப்பமிடுவார்? தம்பலகாமத்து மாணவி ஒருவரின் முறைப்பாடு பற்றிய நிகழ்வு ஆய்வு

"அக்கா, என்னுடைய ஆய்வேட்டில் இனி யார் கையொப்பமிடுவார்?"

பாலியல் தொந்தரவுக்கு ஆளான பல்கலைக்கழக மாணவிகள் எங்களிடம் வந்து முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். தண்டனை, நீதி, நட்டஈடு பற்றியெல்லாம் பிறகுதான் பேச்சு வரும். நான்கு வருடம் படித்த படிப்பு ஒரு மனிதரின் பேனா முனையில் தொங்குகிறது. அந்தப் பேனா அவர் கையில் இருக்கும்வரை எந்தச் சட்டமும் அந்தப் பிள்ளைக்குத் தூரத்துச் சங்கதிதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல ஆண்டுகள் பிடித்தன.

திருகோணமலை நகரில் பெண்களுக்கான சிறிய உதவி நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள் அடிபட்டவர்கள். பல்கலைக்கழக மாணவிகள் குறைவு. வருகிறவர்களும் விடுமுறைக்கு ஊருக்கு வந்த நேரத்தில், வேறு யாருக்காகவோ விசாரிப்பது போல விசாரித்துவிட்டுப் போவார்கள். "என்னோடு படிக்கிற ஒரு பிள்ளைக்கு..." என்று பேச்சுத் தொடங்கினால் நான் குறுக்கிட மாட்டேன். அந்தப் பிள்ளை யாரென்று இருவருக்குமே தெரியும்.

கீழே இருப்பது அப்படி வந்த ஒருவரின் அனுபவம். அவர் முழுவதையும் வாசித்து, எழுதலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றியிருக்கிறேன். வேறு இரு மாணவிகளுக்கு நடந்தவற்றிலிருந்தும் சில இழைகளை இதில் சேர்த்திருக்கிறேன். பல்கலைக்கழகம் எங்கள் மாவட்டத்துக்கு வெளியே உள்ளது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அவர் என்னை அக்கா என்று அழைத்தார். ஆகவே இந்த எழுத்தில் அவருக்குத் தங்கை என்று பெயர்.

மஞ்சள் அட்டை

தங்கையின் வீடு தம்பலகாமத்தில், ஆதி கோணேஸ்வரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில். தந்தை கந்தளாய்க் குளத்து நீரை நம்பி இரண்டு போகமும் வயல் செய்கிறவர். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள். இறுதி ஆண்டு ஆய்வுக்கு அவள் எடுத்த தலைப்பும் ஊரோடு சம்பந்தப்பட்டதுதான்: வயலில் கூலிக்கு நாற்று நடும், களை பிடுங்கும் பெண்கள் எப்படிச் சேமிக்கிறார்கள் என்பது. சீட்டு, மரண உதவிச் சங்கம், நகை அடகு என்று நல்ல நல்ல விபரங்கள் சேர்த்திருந்தாள். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மணிக்கணக்கில் பேசுவாள்.

முதல் நாள் அவள் என் மேசையில் வைத்தது ஒரு மஞ்சள் அட்டை. மேற்பார்வையாளரைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் அதில் திகதி எழுதி, பேசிய விடயத்தை ஒரு வரியில் குறித்து, மாணவி ஒரு பக்கமும் மேற்பார்வையாளர் மறுபக்கமும் கையொப்பமிட வேண்டும். எட்டுச் சந்திப்புகளுக்குக் கையொப்பம் இல்லாவிட்டால் ஆய்வேட்டை ஏற்கமாட்டார்கள். அவளுடைய அட்டையில் முதல் ஐந்து வரிகள் நிரம்பியிருந்தன. ஆறாவது வரியில் அவளுடைய கையொப்பம் மட்டும். ஏழாவதிலும் அப்படியே. எட்டாவது வரியில் திகதியை எழுதிவிட்டுப் பேனாவால் அடித்திருந்தாள், தாள் கிழியும் அளவுக்கு.

அந்த மூன்று வரிகளுக்குள்தான் முழுச் சம்பவமும் இருக்கிறது.

ஆரம்பத்தில் மேற்பார்வையாளரின் பாராட்டு. உங்களைப் போல எழுதுகிறவர்கள் இந்த வருடத்தில் யாருமில்லை என்பார். பிறகு இரவில் வாட்ஸ்அப் செய்திகள். ஆய்வு பற்றிக் கேட்டுத் தொடங்கி, சாப்பிட்டீர்களா, தூங்கவில்லையா என்று நீளும். பிறகு அவளுடைய உடுப்பைப் பற்றி, கூந்தலைப் பற்றி. அனுப்பிய சிறிது நேரத்தில் அவரே அழித்துவிடுவார். ஆறாவது சந்திப்புக்கு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பிறகு வரச் சொன்னார். அந்த நேரத்தில் துறைக் காரியாலயம் பூட்டியிருக்கும். தோளில் கை வைத்தார், அவள் விலகினாள், அட்டை மேசையில் அப்படியே கிடந்தது. ஏழாவது முறை அறைத்தோழியைக் கூட்டிக்கொண்டு போனாள். "உங்களுக்கு ஆய்வு வேண்டுமா, காவல் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு அன்றும் கையொப்பமிடவில்லை.

எட்டாவது சந்திப்பு திருகோணமலையில். களத்தைப் பார்க்க வருகிறேன், தம்பலகாமம் வரை வர நேரமில்லை, உப்புவெளியில் தங்கியிருக்கும் ஹோட்டலுக்கு அட்டையையும் வினாக்கொத்துகளையும் கொண்டு வாருங்கள், நிலுவையில் உள்ள எல்லாவற்றிலும் கையொப்பமிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் போனாள். ஏன் போனாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குக் கீழே வருகிறேன்.

வரவேற்பு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர், அறைக்கு வந்தால் ஆறுதலாகப் பார்க்கலாம் என்றார். இங்கேயே பார்க்கலாம் சேர் என்றாள். எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார். "இவ்வளவு பயமென்றால் ஏன் பட்டம் படிக்க வந்தீர்கள்?" கையை இழுத்ததில் வினாக்கொத்துகள் நிலத்தில் சிதறின. தம்பலகாமத்துப் பெண்கள் அறுபது பேர் நம்பிச் சொன்ன வீட்டுக் கணக்குகள் அவை. விட்டுவிட்டு ஓட மனமில்லாமல், குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாளாம். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். இதைச் சொன்னபோதுதான் தங்கை முதல் முறையாக அழுதாள்.

அங்கிருந்து ஓட்டோவில் பஸ் நிலையத்துக்கு வந்து, மான்கள் மேயும் ஓரத்தில் நின்றபடி அறைத்தோழிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். பின்னேரம் நான்கு இருபத்திரண்டு. ஒன்பது நிமிடம் பேசினாள். அந்த ஒன்பது நிமிடம் பின்னர் எவ்வளவு பெறுமதியானது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

முதலில் கேட்டவர்கள்

மாணவ ஆலோசகராக இருந்த பெண் விரிவுரையாளர் ஒருவரிடம் தங்கை ஏழாவது சந்திப்புக்குப் பிறகே போயிருக்கிறாள். அவர் கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில், "இன்னும் மூன்று மாதம்தானே, கொஞ்சம் அனுசரித்துப் போங்கள். தனியாகப் போகாதீர்கள்" என்றிருக்கிறார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தானும் அப்படி அனுசரித்துத்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் தங்கையை உப்புவெளி வரை கொண்டுபோய் விட்டது. பல்கலைக்கழகத்தின் காதில் விடயம் விழுந்தது. எழுத்தில் எதுவும் விழவில்லை. திகதி குறிக்கப்படவில்லை, யாருக்கும் அறிவிக்கப்படவில்லை, மேற்பார்வையாளரை மாற்றலாம் என்ற பேச்சே எழவில்லை. முதலில் கேட்கிறவர் நீதிபதியாக வேண்டியதில்லை. நான் உங்களை நம்புகிறேன், உங்கள் சம்மதமில்லாமல் யாரிடமும் பேச மாட்டேன், உங்களுக்கு இப்போது உடனே என்ன வேண்டும் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு, அன்றைய திகதியோடு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தால் போதும். எட்டாவது சந்திப்பு நடந்தே இருக்காது.

வீட்டில் அவள் சொன்னது சின்னம்மாவிடம். சின்னம்மா முதலில் சொன்னது, அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்பது. இரண்டாவதாகச் செய்தது, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளை எங்களிடம் கூட்டிவந்தது. எங்கள் ஊர்ப் பெண்களின் நெஞ்சில் பயமும் துணிவும் இப்படித்தான் ஒரே பாயில் படுத்திருக்கின்றன. இரண்டு வாரம் கழித்துத் தந்தைக்குத் தெரிந்தது. அவர் எங்கள் நிலையத்துக்கு வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வீடு. என்ன சொல்வாரோ என்று நானும் பயந்தபடி இருந்தேன். "விசாரணைக்கு எத்தனை தரம் போக வேண்டும், பஸ் காசு எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு பக்கம் இரண்டு பக்கமானது

தங்கை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த முறைப்பாடு நான்கு பக்கம். "ஏழை விவசாயி ஒருவரின் மகளாகிய நான் தங்கள் மேலான கவனத்துக்கு மிகுந்த மனவேதனையோடு..." என்று தொடங்கியது. இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் முதல் சம்பவம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் தன் மீதும் பிழை இருக்கலாம் என்று எழுதியிருந்தாள். மன்னிப்புக் கேட்கவே பழக்கிவிட்ட பிள்ளைகள் முறைப்பாட்டையும் மன்னிப்புக் கடிதமாகத்தான் எழுதுவார்கள்.

அதைக் கிழிக்கச் சொல்லவில்லை. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய தாளில் எழுதினோம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் திகதி, நேரம், இடம். அவர் சொன்ன சொற்கள், சொன்னபடியே. கூச்சமான சொல்லென்றால் அதையும் அப்படியே. "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று எழுதினால் வாசிப்பவர் தன் மனதுக்கு ஏற்றபடி அதைச் சுருக்கிக்கொள்வார். "மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்" என்பதைச் சுருக்க முடியாது. அன்றே யாரிடம் சொன்னாள் என்பதையும் எழுதினோம். கடைசியாக, என்ன கேட்கிறாள் என்பது. விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் மேற்பார்வையாளரை உடனே மாற்ற வேண்டும். அவளுடைய எந்த விடைத்தாளையும் அவர் திருத்தக்கூடாது. அவரோ அவர் சார்பில் வேறு யாருமோ அவளைத் தொடர்புகொள்ளக்கூடாது. இந்த மூன்றையும் அடிக்கோடிட்டோம்.

சான்றுகளைத் தேடும்போது தங்கை சோர்ந்துபோனாள். "சாட்சி ஒருவருமில்லை அக்கா. செய்திகளையும் அழித்துவிட்டார்." தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். செய்திகள் இல்லை. ஆனால் இரவு 10.47, 11.05, 11.20 என்று நேரத்தோடு, அந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி பதினான்கு இடங்களில் இருந்தது. மேற்பார்வையாளர் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு மாணவிக்கு எழுதி அழிக்க என்ன இருந்தது என்று கேட்க அந்தப் பதினான்கு வரிகள் போதும். அனைத்தையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து, வேறொரு மின்னஞ்சலுக்கும் அனுப்பி வைத்தோம். வரைவு அத்தியாயங்களை அவருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் இருந்தன. அன்றைய ஓட்டோவுக்கு அழைத்த இலக்கம், பஸ் டிக்கெட், அறைத்தோழிக்கான அந்த ஒன்பது நிமிடம், எல்லாம் இருந்தன.

தொந்தரவு செய்கிறவர் சாட்சி இல்லாத இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். அதைத் தெரிந்துகொண்டுதான் எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, எந்த ஒரு விடயத்தை நிரூபிக்கவும் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு இல்லை என்கிறது. அதே சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி, சம்பவம் நடந்த வேளையை ஒட்டி ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதை, பின்னர் அவர் தரும் சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கப் பயன்படுத்தலாம். பஸ் நிலையத்திலிருந்து அழுதபடி பேசிய பேச்சுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதை ஒவ்வொரு விடுதியின் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

"வளாகத்துக்கு வெளியே நடந்தது"

முறைப்பாட்டைக் கையளிக்கப் போன நாளில் முதலில் கேட்ட பதில் இது. இரண்டாவது, "உள்ளே வைத்துவிட்டுப் போங்கள்." இரண்டு பிரதிகளில் ஒன்றில் கிடைத்ததற்கான முத்திரையும் திகதியும் இல்லாமல் நாங்கள் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டோம். ஒரு மணித்தியாலமும் சொச்சமும் ஆனது. முத்திரை விழுந்தது. அதே நாளில் பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பினோம்.

வளாகத்துக்கு வெளியே என்ற வாதம் சட்டத்தில் எடுபடாது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தின் பின், சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும்; பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். அதிகாரத்தில் உள்ள ஒருவர் வேலைத் தலத்திலோ வேறு எந்த இடத்திலோ விரும்பப்படாத பாலியல் முயற்சிகளில் ஈடுபடுவதும் இதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. வேறு எந்த இடத்திலும் என்றால் உப்புவெளி ஹோட்டலும்தான்.

பகிடிவதையையும் கல்வி நிறுவனங்களில் நடக்கும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமும் கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயோ வெளியேயோ என்றே பேசுகிறது. பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவு செய்தால் பத்து ஆண்டு வரை சிறை. மாணவர் ஒருவரைப் பயமுறுத்தி ஒன்றைச் செய்விப்பதும் அதில் தனிக் குற்றம். அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1975இல் பேராதனையில் பகிடிவதைக்குப் பயந்து விடுதி மாடியிலிருந்து குதித்த ரூபா ரத்னசீலி நடக்க முடியாதவரானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர் பகிடிவதையால் இறந்தார். அதற்கு அடுத்த வருடம்தான் சட்டம் வந்தது.

மூன்றாவது ஒரு சட்டத்தைப் பற்றி எனக்கே தாமதமாகத்தான் நினைவு வந்தது. கையொப்பம் வேண்டுமென்றால் அறைக்கு வா என்பது இலஞ்சம் கேட்பது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இணக்கத்தைக் கேட்பதையும் இலஞ்சமாகவே கொள்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம், பணம் கேட்கும் அதிகாரிகளுக்கு மட்டும் உரியதல்ல. தங்கைக்கு இந்த விளக்கம் மற்ற எல்லாவற்றையும் விடப் பிடித்திருந்தது. "அப்படியென்றால் இது என் உடுப்பைப் பற்றிய விடயம் இல்லை, அவருடைய பேனாவைப் பற்றிய விடயம்" என்றாள்.

நான் விட்ட ஒரு பிழையையும் எழுத வேண்டும். விசாரணை பற்றிப் பல்கலைக்கழகத்தின் பதிலுக்காக ஐந்து வாரம் காத்திருக்கச் சொன்னது நான்தான். அரச நிறுவனம் ஒன்று அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. எங்கள் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். போகவில்லை. அந்தக் கதவு மூடிக்கொண்டது. இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதல் நாளே நாட்காட்டியில் முப்பதாவது நாளை வட்டமிட்டுவிடுகிறேன்.

குற்ற வழக்குக்கு அப்படியொரு நெருக்கடி இல்லை. கொலை, இராசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக இருபது ஆண்டு வரை வழக்குத் தொடரலாம். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பதில் அந்த இருபது ஆண்டு.

பொலிஸில் வாக்குமூலம் கொடுத்த நாளில் இன்னொரு கையொப்பம் பிரச்சினையானது. அவள் தமிழில் சொன்னாள். உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார். முடிவில் கையொப்பமிடச் சொன்னார். நல்ல மனிதர்தான், அவசரம் அவருக்கு. தமிழும் அரச கரும மொழி, தமிழில் எழுதி வாசித்துக் காட்டினால் கையொப்பமிடுகிறேன் என்று தங்கை சொன்னாள். தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் வர இரண்டு மணித்தியாலம் ஆனது. இருந்தோம். ஒரு கையொப்பத்துக்காக இவ்வளவு பட்டவள், தன் கையொப்பத்தை மட்டும் எளிதாகக் கொடுத்துவிடுவாளா?

புதிய மேற்பார்வையாளர்

முறைப்பாடு கொடுத்த இருபத்துமூன்றாம் நாள் மேற்பார்வையாளரை மாற்றிக் கடிதம் வந்தது. மகிழ்ச்சியோடு பிரித்தோம். புதியவர் பழையவரின் மாணவராக இருந்தவர். இருவரும் ஒரே அறையில் இருக்கிறவர்கள். மேசைகளுக்கு நடுவில் ஒரு புத்தக அலுமாரி மட்டும். தங்கை அட்டையில் கையொப்பம் வாங்க அதே கதவைத்தான் திறக்க வேண்டும். கடிதத்தை எழுதியவர் கோப்பை மட்டும் பார்த்திருக்கிறார், கட்டடத்தைப் பார்க்கவில்லை. மறுபடி எழுதி, வேறு துறையைச் சேர்ந்த மூத்த பெண் பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்க மேலும் மூன்று வாரம் போனது.

இரகசியம் அதற்கும் முன்னரே உடைந்துவிட்டது. முறைப்பாடு கொடுத்த அன்று மாலையே அவளுடைய வகுப்புக்குத் தெரிந்திருந்தது. காரியாலயத்தில் பிரதி எடுத்தவரிடமிருந்தா, துறைக் கூட்டத்திலிருந்தா, இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை. சேரைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஒரு கூட்டம் பேசியது. அவருடைய பரிந்துரைக் கடிதத்தை நம்பியிருந்த மாணவர்கள் அவர்கள். அவர்களுக்கும் அதே பேனாதான் பயம். முறைப்பாட்டைத் திரும்பப் பெறச் சொல்லி இருவர் விடுதிக்கே வந்தார்கள். பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ பயமுறுத்துவது, அவர்களைப் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம் என்று எழுத்தில் பதிவாளருக்கு அறிவித்தோம். வந்தவர்கள் பிறகு வரவில்லை.

அந்த நாட்களில் தங்கைக்குத் தூக்கம் போனது. மறுபடி மறுபடி அந்த வரவேற்பு மண்டபம். அரச வைத்தியசாலைகளில் இயங்கும் மிதுறு பியச என்ற நட்பு நிலையம் பற்றிப் பலருக்குத் தெரியாது. பணமும் கேட்பதில்லை. அங்கே பேசத் தொடங்கிய பிறகுதான் அவளால் மறுபடி ஆய்வேட்டைத் திறக்க முடிந்தது. நள்ளிரவில் யாருமில்லாத நேரங்களில் 1926 என்ற மனநல இலக்கத்துக்கும் இரண்டு முறை அழைத்ததாகச் சொன்னாள். பெண்களுக்கான 1938, பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்தின் 109 ஆகிய இலக்கங்களையும் அவள் தன் வகுப்புப் பெண்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

விசாரணை அறையில்

ஆரம்ப விசாரணைக்கு மூவர் குழு. நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைத் தங்கை சொன்னபடி எழுதுகிறேன்.

ஏன் ஹோட்டலுக்குப் போனீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அன்று என்ன உடுத்தியிருந்தீர்கள் என்றும் கேட்டிருக்கிறார். தங்கை பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். "இதில் மூன்று கையொப்பம் குறைகிறது. அதை வாங்கப் போனேன்." குழுவில் இருந்த பெண் உறுப்பினர் அட்டையை எடுத்து நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு பழைய மேற்பார்வையாளரிடம் இருந்த எல்லா மாணவர்களின் அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஆண் மாணவர்களின் அட்டைகளில் வரிகள் ஒழுங்காக நிரம்பியிருந்தன. இன்னொரு மாணவியின் அட்டையிலும் இடையில் இரண்டு மாத வெற்றிடம். அவளை அழைத்துக் கேட்டார்கள். முதலில் ஒன்றுமில்லை என்றாள். மறுநாள் தானாக வந்தாள்.

முன்னைய ஆண்டு ஒன்றில் படித்து, இப்போது பாடசாலையில் கற்பிக்கும் ஒருவரும் எழுதி அனுப்பினார். கணவரின் சம்மதத்தோடு அனுப்புவதாக அவர் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரி எனக்கு இன்றும் வலிக்கிறது.

பழைய மேற்பார்வையாளருக்குக் குற்றப்பத்திரம் வழங்கப்பட்டது. விரிவுரையாளர்கள் மீதான ஒழுக்காற்று அதிகாரம் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவையிடம் இருக்கிறது. முறைசார் விசாரணை தொடர்கிறது. அவர் மாணவர்களை மேற்பார்வை செய்வது நிறுத்தப்பட்டுள்ளது, சம்பளம் நிறுத்தப்படவில்லை. விசாரணையின் இரண்டு தவணைகள் தள்ளிப்போயின. என்ன முடிவு வந்தாலும் பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகும் வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது. அது இருக்கத்தான் வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை உரியது. ஆனால் அவருடைய நியாயத்துக்கு இத்தனை படிகள் கட்டியவர்கள், மாணவியின் படிப்புக்கு ஒரு படியாவது கட்டியிருக்கலாம்.

அட்டையில் ஒரு வரி கூட்டினால்

தடுப்பு என்றால் ஆண்டுக்கு ஒருமுறை மண்டபத்தில் கருத்தரங்கு, பதாகை, தேநீர் என்று ஆகிவிட்டது. அவை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நான் கேட்பது அந்த மஞ்சள் அட்டையில் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு மேற்பார்வையாளர்கள். இருவரில் எவர் கையொப்பமிட்டாலும் செல்லும். மாதம் ஒருமுறை அட்டைகளைத் துறைத் தலைவர் பார்வையிட வேண்டும். ஒரு அட்டையில் இரண்டு மாதம் வெற்றிடம் விழுந்தால், மாணவியைத் தேடிப் போய்க் கேட்பது துறையின் கடமை. அவள் முறைப்பாடு எழுதும்வரை காத்திருக்கக்கூடாது. தங்கையின் அட்டையை யாராவது ஆறாவது வரியில் பார்த்திருந்தால் போதும்.

கள வேலைக்கு மேற்பார்வையாளர் வருவதானால் துறையின் கடிதத்தோடு, குறைந்தது இரண்டு மாணவர்கள் இருக்கையில் வரட்டும். ஆய்வு பற்றிய பேச்செல்லாம் பல்கலைக்கழக மின்னஞ்சலில் நடக்கட்டும். முறைப்பாட்டுப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். விசாரணைக் குழுவில் முறைப்பாட்டாளரின் மொழி தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும். இவற்றுக்குப் புதிய சட்டமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களை முடிவுசெய்யும் மூதவையில் ஒரு பின்னேரம் போதும். உள்ளே கேட்க ஆளில்லை என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரே எழுதலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தங்கைக்கு இரண்டும் தெரிந்திருக்கவில்லை. நான்கு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

தங்கை தன் வகுப்பை விட எட்டு மாதம் பிந்தித்தான் ஆய்வேட்டை முடித்தாள். கட்டுவதற்குத் திருகோணமலைக்கே கொண்டுவந்தாள். பிரதான வீதியில் உள்ள கடை. நான்கு பிரதிகள், கருநீல மட்டை, பொன் எழுத்து. நானும் கூடப் போயிருந்தேன். கட்டி முடித்த பிரதியைக் கையில் வாங்கி இரண்டாம் பக்கத்தைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கடையில் பழைய கோப்பிலிருந்து அச்சிட்டிருக்கிறார்கள். கையொப்பத்துக்கான புள்ளிக் கோட்டின் கீழ் பழைய மேற்பார்வையாளரின் பெயர் இருந்தது.

கடைக்காரர் பதறிப்போனார். புதிய பெயரை அச்சிட்டு மேலே ஒட்டித் தருகிறேன், தெரியாது தங்கச்சி என்றார்.

"ஒட்ட வேண்டாம் அண்ணா. நான்கையும் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்."

நேரமாகுமே என்றார். இருக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாலரை பஸ்ஸுக்குச் சற்று முன்னர் நான்காவது பிரதியும் முடிந்தது. பசை இன்னும் காயவில்லை, பையில் நிமிர்த்தி வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்.